சொந்தமாகப் புத்தகம் போட்டால் ஓடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுத்தவர் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் வடிவமைப்பதும் என் வேலை. நானே மூன்று புத்தகம் போட்டிருக்கிறேன். ஒன்று ஓடியது, ஒன்று நடந்தது, ஒன்று கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. எழுதி முடித்த கோப்போடு வருகிறவர்கள் பத்துப் பேர் என்றால் ஒன்பது பேர் இதே கேள்விகளைத்தான், ஏறக்குறைய இதே வார்த்தைகளில் கேட்கிறார்கள். வாய் வலிக்க ஆரம்பித்ததால் எழுதி வைத்துவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

1. "சொந்தமா புத்தகம் போடறதுன்னா, காசு கொடுத்தா போட்டுத் தர்ற கம்பெனிகிட்ட கொடுக்கறதுதானே?"

இல்லை. சுயபதிப்பில் நீங்கள்தான் பதிப்பாளர். செம்மையாக்கம் செய்பவர், அட்டை வரைபவர், விலை, அச்சு எல்லாமே உங்கள் முடிவு. உரிமை முழுக்க உங்களுடையது. விற்கும் தளமோ கடையோ தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதும் உங்களுடையது.

காசு வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் என்னைப் போன்றவர்கள். வேலைக்குக் கூலி, வேலை முடிந்ததும் விலகிவிடுவோம். இரண்டாவது ரகம் தன்னைப் பதிப்பகம் என்று சொல்லிக்கொள்ளும், உங்களிடமே பணம் வாங்கும், உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும், விற்றால் ராயல்டி தருவதாகவும் சொல்லும். இவர்களை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: இவர்களுக்கு வருமானம் வாசகரிடமிருந்து வருகிறதா, எழுத்தாளரிடமிருந்தா? எழுத்தாளரிடமிருந்து என்றால், நீங்கள் பணம் கட்டிய அன்றே அவர்களுடைய வியாபாரம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் உங்கள் புத்தகம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன?

2. "எந்தப் பதிப்பகமும் சீந்தாத புத்தகத்தைத்தானே சொந்தமா போடுவாங்க? யாராவது மதிப்பாங்களா?"

பல சமயம் அது உண்மைதான். ஆனால் பதிப்பகம் சீந்தாததற்கு எழுத்து மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பியாட்ரிக்ஸ் பாட்டரின் முயல் குட்டிக் கதையைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1901 டிசம்பரில் அவர் தன் செலவில் 250 பிரதி அச்சிட்டார். அது தீர்ந்ததும் இன்னும் 200. திருப்பி அனுப்பியவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் வார்ன் நிறுவனமே 1902இல் 'பீட்டர் ராபிட்' கதையை வெளியிட்டது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' கவிதைத் தொகுப்பை 795 பிரதி போட்டபோது சில பக்கங்களுக்குத் தானே அச்சுக் கோத்தார். மார்செல் ப்ரூஸ்ட் தன் பெருநாவலின் முதல் பாகத்தை 1913இல் கைக்காசு கொடுத்துத்தான் வெளியிட்டார். வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவரும் 1917இல் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஹோகார்த் பிரஸ் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள்.

இந்தப் பட்டியலை எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன். ஆனால் இதை வைத்து உங்கள் வாய்ப்பைக் கணக்குப் போடாதீர்கள். கைக்காசு போட்டுக் காணாமல் போனவர்களுக்குப் பட்டியல் கிடையாது, அவ்வளவுதான். மதிப்பு விஷயத்துக்கு வருகிறேன். சில விருதுகளும் சில விமர்சனப் பக்கங்களும் சொந்தப் பதிப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை. சாதாரண வாசகர் பதிப்பகத்தின் பெயரைப் பார்ப்பதே அபூர்வம். அட்டையைப் பார்ப்பார், முதல் இரண்டு பக்கத்தைப் புரட்டுவார்.

3. "சுத்தி வளைக்காம சொல்லுங்க. எத்தனை பிரதி விக்கும்?"

முதல் புத்தகம், இதுவரை உங்களுக்கென்று வாசகர்கள் இல்லை, விளம்பரமும் இல்லை என்றால், என் கையில் வந்துபோன புத்தகங்களை வைத்துச் சொல்கிறேன்: சில டஜன் முதல் நூறு, இருநூறு வரை. இதில் முதல் ஐம்பது நண்பர், உறவினர், உடன் வேலை செய்பவர் கணக்கு. அவர்கள் வாங்குவது உங்களுக்காக, புத்தகத்துக்காக அல்ல. உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கும் பிரதி இருக்கிறதே, அதை நான் ஐம்பத்தோராவது பிரதி என்பேன். புத்தகத்தின் விற்பனை அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பக்கம் முழுக்க அந்த ஐம்பத்தோராவது பிரதியைப் பற்றித்தான்.

பெரிய பதிப்பகத்தில் போட்டிருந்தால் ஆயிரக்கணக்கில் போயிருக்கும் என்று ஏங்குகிறவர்களுக்காக ஒரு கணக்கு. அமெரிக்காவின் பத்துப் பெரிய பதிப்பகங்கள் வெளியிட்ட ஏறக்குறைய 45,000 புதிய புத்தகங்களின் ஓராண்டு அச்சு விற்பனையை புத்தக விற்பனையைக் கணக்கெடுக்கும் என்பிடி புக்ஸ்கேன் நிறுவனம் 2022இல் பிரித்துக் காட்டியது. ஒரு டஜன்கூட விற்காதவை சுமார் 15 சதவீதம். 12 முதல் 999 பிரதி வரை விற்றவை சுமார் 51 சதவீதம். அதாவது மூன்றில் இரண்டு புத்தகம் அந்த ஆண்டில் ஆயிரத்தைத் தொடவில்லை. ஒரு லட்சம் தாண்டியவை அரை சதவீதத்துக்கும் குறைவு. புத்தகத் தொழிலே இப்படித்தான் நடக்கிறது: ஒன்று ஓடும், அது மற்றதைச் சுமக்கும். பதிப்பகத்திடம் நூறு புத்தகம் இருக்கிறது, உங்களிடம் ஒன்றுதான்.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1849இல் தன் பொறுப்பில் போட்ட முதல் புத்தகம் 1,000 பிரதி. நான்கு வருடம் கழித்து 706 பிரதிகள் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. மாடிக்குச் சுமந்து அடுக்கிவிட்டு அவர் நாட்குறிப்பில் எழுதியதன் சாரம் இது: என் நூலகத்தில் இப்போது ஏறக்குறைய 900 புத்தகம், அதில் 700க்கு மேல் நானே எழுதியவை.

4. "அப்ப எழுதியே பிழைக்க முடியாதா?"

முடிகிறவர்கள் இருக்கிறார்கள். சுயபதிப்பு எழுத்தாளர்களுக்கான சங்கமான அலையன்ஸ் ஆஃப் இன்டிபென்டன்ட் ஆத்தர்ஸ் 2023இல் வெளியிட்ட ஆய்வில் இடைநிலை வருமானம் 2022ஆம் ஆண்டுக்கு 12,749 டாலர். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். ஆனால் அடிக்குறிப்பையும் படிக்க வேண்டும். வேலை நேரத்தில் பாதியாவது எழுத்துக்கும் பதிப்புக்கும் கொடுப்பவர்களை மட்டுமே அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதுகிறவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பிழைக்கிறவர்களிடம் நான் பார்க்கிற பொது அம்சம் ஒன்று: யாரும் ஒரே புத்தகத்தில் பிழைக்கவில்லை. ஒரே வகையில், ஒரே வாசகருக்காக, அடுத்தடுத்து ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்று போட்டவர்கள்தான். ஐந்தாவதைப் படித்துப் பிடித்தவர் முதல் நான்கையும் தேடி வாங்குவார். அப்படி வாங்கப்படும் நான்குக்கும் புதிதாக விளம்பரச் செலவு இல்லை.

5. "எதுல செலவு பண்ணணும், எதுல மிச்சம் பிடிக்கலாம்?"

மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இரண்டு. ஒன்று செம்மையாக்கம். எழுத்துப் பிழை திருத்துவதை மட்டும் சொல்லவில்லை. எட்டாம் அத்தியாயத்தில் செத்தவர் பதினொன்றாம் அத்தியாயத்தில் கதவைத் திறப்பதைக் கண்டுபிடிக்கிற வேலை. இரண்டு அட்டை. உங்கள் அட்டையைக் கைப்பேசித் திரையில் ஒரு தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க வரவில்லை, என்ன மாதிரிப் புத்தகம் என்றும் தெரியவில்லை என்றால் அட்டை தோற்றுவிட்டது. இணையத்தில் வாசகர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான்.

மிச்சம் பிடிக்கலாம் என்றால் பக்க வடிவமைப்பில். என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன், பரவாயில்லை. நேரான நாவல், படம் கிடையாது, அட்டவணை கிடையாது என்றால் இலவச மென்பொருளிலேயே பொறுமையாகச் செய்துவிடலாம். சமையல் புத்தகம், குழந்தைப் படப் புத்தகம், பாடநூல் என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெளியீட்டு விழாவுக்கு ஆகும் செலவைப் பற்றி மட்டும் என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்டால் வேண்டாம் என்பேன். அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் முதல் ஐம்பதுக்குள் வருகிறவர்கள்.

ஒரு சொந்தக் கதை. என் முதல் புத்தகத்துக்கு 192 பக்கம் என்று கணக்கிட்டு அட்டையை முடித்தாயிற்று. கடைசி நேரத்தில் ஆசைப்பட்டு ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், கூட்டினேன். பக்கம் கூடினால் புத்தகத்தின் முதுகு தடிக்கும், அட்டைக் கோப்பில் முதுகின் அகலத்தையும் கூட்ட வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கு அது மறந்துபோனது. அச்சாகி வந்த 500 பிரதியிலும் முதுகில் நடுவாக நிற்க வேண்டிய தலைப்பு ஒரு பக்கமாக நழுவி, முன்னட்டையின் ஓரம் முதுகுக்கு வந்து எட்டிப் பார்த்தது. மாதிரிப் பிரதி ஒன்றை வாங்கி விரலால் தடவிப் பார்க்காமல் மொத்தமாக அடிக்கச் சொல்லாதீர்கள். பிடிஎஃப்பில் முதுகின் தடிமன் தெரியாது.

6. "மொத்தமா ஆயிரம் அடிச்சா ஒரு பிரதிக்குச் செலவு பாதியாகும்னு அச்சகத்துல சொல்றாங்களே?"

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆஃப்செட் அச்சில் தகடு செய்வதும் இயந்திரத்தைத் தயார் செய்வதும் ஒரே செலவுதான், நூறு பிரதியானாலும் ஆயிரமானாலும். அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். ஆனால் விற்காத பிரதியின் அடக்கவிலை எவ்வளவு இறங்கினாலும் அது நஷ்டம்தான்.

கேட்கும்போது அச்சிடும் முறை, 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' என்கிறார்களே, அது 1990களின் கடைசியில் பரவியது. ஒருவர் வாங்கினால் ஒரு பிரதி அச்சாகி அவருக்குப் போகும். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடுதல்தான், ஆனால் கட்டிலுக்கு அடியில் பெட்டி சேராது. பிழை கண்டால் கோப்பை மாற்றலாம், அடுத்த பிரதியிலிருந்து சரியாகிவிடும். முன்பதிவு 300 வந்துவிட்டது, ஒரு நிறுவனம் 400 பிரதிக்குச் சொல்லியிருக்கிறது என்ற மாதிரி பெயர் சொல்லி வாங்க ஆள் இருந்தால் மொத்தமாக அடியுங்கள். "எப்படியும் போயிடும்" என்பதற்குப் பெயரும் கிடையாது, முகவரியும் கிடையாது.

7. "பதிப்பகம் 10 சதவீதம்தான் தரும், அமேசான் 70 தருது. அப்புறம் எதுக்குப் பதிப்பகம்?"

அந்த 70க்கு நிபந்தனை உண்டு. கிண்டில் மின்னூல் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால்தான் 70, மற்றதற்கு 35. அந்த 70இலும் கோப்பின் அளவைப் பொறுத்து ஒரு அனுப்பும் கட்டணம் கழியும். படம் நிறைந்த புத்தகத்தில் இது கடிக்கும். அச்சுப் புத்தகத்துக்குத் தளத்தின் விகிதத்தைப் போட்டு, அதிலிருந்து அச்சுச் செலவைக் கழித்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும்.

கடை வழியாக விற்றால் கணக்கு இன்னும் மெலியும். விலையை 100 என்று வையுங்கள். கடைக்கும் விநியோகஸ்தருக்கும் சேர்த்து 40 முதல் 55 போகும். அச்சுக்கு 30. மிஞ்சுவது 15 முதல் 30. செம்மையாக்கத்துக்கும் அட்டைக்கும் ஏற்கெனவே கொடுத்த பணம் இந்த மிச்சத்திலிருந்துதான் திரும்ப வர வேண்டும். பதிப்பகம் தரும் 10இல் உங்கள் செலவு எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வாசகரை நீங்களே கூட்டி வர முடியும் என்றால் சொந்தப் பதிப்புதான் லாபம். முடியாது என்றால் 70 சதவீதம் எதில் வரும்?

8. "கிண்டில்ல மட்டும் போடலாமா, எல்லாத் தளத்துலயும் போடணுமா?"

அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் உங்கள் மின்னூல் 90 நாளைக்கு அமேசானில் மட்டுமே இருக்க வேண்டும். இலவச மாதிரியாகக்கூட முழுப் புத்தகத்தை வேறு இடத்தில் வைக்க முடியாது. பதிலுக்குக் கிண்டில் அன்லிமிடெட், அதாவது மாதச் சந்தா கட்டிப் படிக்கும் சேவையின் வாசகர்கள் படிக்கலாம். 2015 ஜூலையிலிருந்து அதில் படிக்கப்பட்ட பக்கத்துக்குத்தான் காசு. ஒரு பக்கத்துக்கு வழக்கமாக அரை அமெரிக்க சென்ட்டுக்கும் குறைவு. மளமளவென்று படிக்க வைக்கும் தொடர் நாவல் எழுதுகிறவருக்கு இது பாதி வருமானம்கூட ஆகும். குறிப்புக்காக அவ்வப்போது புரட்டும் புத்தகத்துக்கு ஒன்றும் தேறாது.

முதல் 90 நாள் உள்ளே இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்வேன். தானாகப் புதுப்பிக்கும் குறியை எடுத்துவிட மறக்காதீர்கள்.

9. "ஐஎஸ்பிஎன் வாங்கினாத்தான் காப்புரிமை கிடைக்குமா?"

சம்பந்தமே இல்லை. ஐஎஸ்பிஎன் என்பது கடையும் நூலகமும் புத்தகத்தை அடையாளம் காண உதவும் எண். 2007இலிருந்து 13 இலக்கம். காப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் காப்புரிமை எழுதிய நொடியிலேயே உங்களுக்கு வந்துவிடும். எண் சில நாடுகளில் இலவசம், சிலவற்றில் காசு. தளங்கள் தரும் இலவச எண்ணை ஏற்றால் வேறு இடத்தில் அதே எண்ணோடு அச்சிட முடியாது. நாளைக்கு இடம் மாற்றும் எண்ணம் இருந்தால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

10. "புத்தகக் கடையில என் புத்தகம் இருக்குமா?"

பட்டியலில் இருக்கும், யாராவது கேட்டால் தருவித்துக் கொடுப்பார்கள். அலமாரியில் இருப்பது வேறு விஷயம். கடைக்காரர் இரண்டு விஷயம் பார்ப்பார்: தள்ளுபடி எவ்வளவு, விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா. திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், போய்வரும் செலவும் மூலை மடங்கிய பிரதிகளும் உங்கள் தலையில். கடையை நம்பித் திட்டம் போடாதீர்கள். நூலகங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாங்கிய புத்தகத்தை அவர்கள் திருப்பி அனுப்புவதில்லை, ஒரே பிரதியைப் பல பேர் படிப்பார்கள், அத்தனை பேரும் உங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள்.

11. "எனக்கு விளம்பரம் பண்ணக் கூச்சமா இருக்கு. நல்லா எழுதினா தானா பரவாதா?"

பரவும், முதலில் பத்துப் பேர் கைக்குப் போனால். யாருமே படிக்காத புத்தகத்தை யார் பரப்புவார்கள்? லிசா ஜெனோவா மறதி நோயைப் பற்றிய தன் நாவலை 2007இல் தானே வெளியிட்டு, காரின் பின்பெட்டியில் வைத்து விற்றார். 2009இல் பெரிய பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. கிறிஸ்டஃபர் பாவலினியின் டிராகன் நாவலை அவர் குடும்பமே 2002இல் அச்சிட்டது. பையன் பழங்காலத்து உடையை மாட்டிக்கொண்டு பள்ளிகளிலும் நூலகங்களிலும் 135க்கு மேற்பட்ட கூட்டங்களில் பேசினான். விடுமுறைக்கு வந்த ஒரு சிறுவன் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்துச் சொக்கிப்போக, அவனுடைய மாற்றாந்தந்தை தன் பதிப்பகத்திடம் சொன்னார். அவர் நாவலாசிரியர் கார்ல் ஹையாசன். 2003இல் நாஃப் நிறுவனம் அந்த நாவலை வெளியிட்டது. மூன்றாம் கேள்வியில் சொன்ன ஐம்பத்தோராவது பிரதி இப்படியும் ஒரு கைக்குப் போய்ச் சேரலாம். ஆனால் அதற்கு முன்னால் நடத்திய அந்தக் கூட்டங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கூச்சக்காரர்களுக்கு நான் சொல்லும் வழி: விற்காதீர்கள், பொருளைப் பேசுங்கள். தேனீ வளர்ப்பு பற்றிப் புத்தகம் போட்டிருந்தால், தேனீ வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். புத்தகம் இருக்கிறது என்பது தானாகத் தெரியவரும். கடைசிப் பக்கத்தில் "அடுத்த புத்தகம் வரும்போது சொல்கிறேன், மின்னஞ்சல் முகவரி கொடுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். சமூக ஊடகத்தில் பின்தொடரும் 5,000 பேரைவிட, கடைசிப் பக்கம் வரை வந்து முகவரி கொடுத்த 80 பேர் பெரிய சொத்து. இதை என் முதல் இரண்டு புத்தகத்திலும் நான் செய்யவில்லை. கேட்டால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

12. "தெரிஞ்சவங்களை விட்டு அஞ்சு நட்சத்திரம் போடச் சொல்லலாமா?"

வேண்டாம். நெருங்கியவர்கள் எழுதும் மதிப்புரையைத் தளங்கள் கண்டுபிடித்து நீக்குகின்றன, சில சமயம் கணக்கையே முடக்குகின்றன. காசு கொடுத்து வாங்குவது அதைவிட மோசம். இன்னொரு சேதமும் உண்டு. இந்தப் புத்தகத்தை வாங்கியவர் வேறு எதை வாங்குகிறார் என்று பார்த்துத்தான் தளம் அடுத்தவருக்குப் பரிந்துரைக்கிறது. உங்கள் பேய்க்கதையை வாங்கிய சித்தப்பா வரிச் சட்டப் புத்தகமும் மூட்டுவலிப் புத்தகமும் வாங்குகிறவர் என்றால், இயந்திரம் குழம்பிப்போய் பேய்க்கதையை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நிற்கும்.

அந்த வகைப் புத்தகங்களைப் படிக்கிற இருபது பேருக்கு வெளியீட்டுக்கு முன்பே இலவசப் பிரதி அனுப்பி, மனதில் பட்டதை எழுதச் சொல்லுங்கள். அது எல்லா இடத்திலும் நடக்கிற, ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம். பிரதி இலவசமாகக் கிடைத்தது என்பதை மட்டும் அவர்கள் மதிப்புரையில் சொல்லிவிட வேண்டும்.

13. "கதையா, கவிதையா, கட்டுரையா? எது ஓடும்?"

காதல், துப்பறிதல், மாயாஜாலக் கற்பனை ஆகியவற்றுக்கு அடுத்ததை அடுத்ததைக் கேட்கும் வாசகர்கள் இருக்கிறார்கள், நான்காம் கேள்வியில் சொன்ன தொடர் கணக்கு இங்கேதான் நன்றாகப் பலிக்கும். கட்டுரைப் புத்தகம் ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்த்தால் மெதுவாக, ஆனால் வருடக்கணக்கில் விற்கும். கவிதைத் தொகுப்பு, வாழ்க்கை வரலாறு, தனித்து நிற்கும் இலக்கிய நாவல் மூன்றும் கடினம். போட வேண்டாம் என்று சொல்லவில்லை. வருமானத்தை எதிர்பார்த்துப் போட வேண்டாம். குடும்பத்துக்காகத் தாத்தாவின் கதையை எழுதி 30 பிரதி போட்ட ஒருவருக்கு வேலை செய்திருக்கிறேன். முப்பதும் போக வேண்டிய இடத்துக்குப் போனது. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

14. "அவர் புத்தகம் நம்பர் ஒன் பெஸ்ட்செல்லர்னு போட்டிருக்காரே?"

எந்தப் பிரிவில், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். தளங்களில் ஆயிரக்கணக்கான உட்பிரிவுகள் உண்டு, பட்டியலும் அடிக்கடி மாறும். ஆளில்லாத உட்பிரிவில் ஒரே நாளில் சில பிரதிகள் போனாலே உச்சிக்கு வந்துவிடலாம். திரையைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

15. "முதல்ல சொந்தமா போட்டு, ஓடினா பெரிய பதிப்பகம் எடுத்துக்குமில்ல?"

எடுத்த கதைகள் உண்மைதான். ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். வாசகர்கள் கேட்டார்கள் என்று 2011இல் 99 சென்ட்டுக்குக் கிண்டிலில் ஏற்றினார். 2014இல் பதிப்பகம், 2015இல் சினிமா. ஹ்யூ ஹோவி தன் 'வூல்' தொடருக்குப் பெரிய தொகை வந்தும் மின்னூல் உரிமையைக் கொடுக்கவில்லை, அச்சு உரிமையை மட்டும் விற்றார். அமாண்டா ஹாக்கிங் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தபோதே 2011இல் பதிப்பகத்துக்குப் போனார். மின்னஞ்சலுக்கும் அட்டைக்கும் செம்மையாளரைத் தேடுவதற்கும் வாரம் 40 மணி நேரம் போகிறது, எழுத நேரமில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இவர்கள் யாரும் பதிப்பகத்தைத் தேடிப் போய் "சொந்தமாகப் போட்டிருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சவில்லை. வாசகர் கூட்டம் சேர்ந்த பிறகு பதிப்பகம் வந்தது. 150 பிரதி விற்ற புத்தகத்தைக் கொண்டுபோனால் அந்த 150 உங்களுக்கு எதிரான சாட்சி. பதிப்பகம்தான் வேண்டும் என்று இருக்கிறவர் அந்தக் கையெழுத்துப் பிரதியை வெளியிடாமல் வைத்துக்கொண்டு பதிப்பகங்களுக்கு அனுப்புவதே நல்லது. வாசகரிடமே முன்கூட்டிப் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் 2022இல் நான்கு நாவலுக்கு 4 கோடி டாலருக்கு மேல் திரட்டியதை உதாரணம் காட்டுகிறவர்களுக்கும் இதேதான். அதற்கு முன் பதினேழு வருடமாகப் பதிப்பகங்கள் அவரை வாசகரிடம் கொண்டுபோயிருந்தன.

16. "வெளிநாட்டு ஏஜென்ட்னு ஒருத்தர் மெயில் பண்ணியிருக்கார். சினிமா உரிமை வாங்க ஆள் இருக்காம். முன்பணம் மட்டும் கேக்கறார்."

முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். உண்மையான ஏஜென்ட் விற்ற பிறகு கமிஷன் எடுப்பார், உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டார். உங்கள் புத்தகத்தைப் படித்த அடையாளம் அந்தக் கடிதத்தில் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், இப்போது இயந்திரமே படித்து உருக்கமாக நாலு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறது.

17. "ஏஐ வச்சு எழுதினா சீக்கிரம் நிறைய போட்டு சம்பாதிக்கலாமே? நீங்களே பல புத்தகம் வேணும்னீங்க."

நான்காம் பதிலை என்னிடமே திருப்புகிறீர்கள், சரி. இந்த யோசனை உங்களுக்கு முன்பே ஏராளமானவர்களுக்கு வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் அமேசான் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புதிய புத்தகத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு வைத்தது. இயந்திரம் உருவாக்கிய உள்ளடக்கம் என்றால் தளத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அந்த மாதமே வந்தது. நாளைக்கு மூன்று என்பதே ஒரு கட்டுப்பாடு என்றால் வெள்ளம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பல புத்தகம் வேண்டும் என்றது, ஒன்றைப் படித்தவர் அடுத்ததைத் தேடுவார் என்பதால். முதல் புத்தகத்தை நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்தவருக்கு உங்கள் பெயரில் இன்னும் முப்பது கிடந்தால் என்ன பயன்?

18. "போட்டு ஆறு மாசம் ஆச்சு. 37 பிரதி. நான் தோத்துட்டேனா?"

எங்கே அடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். புத்தகப் பக்கத்துக்கே ஆள் வரவில்லை என்றால் சிக்கல் பதினொன்றாம் கேள்வியில் இருக்கிறது. வருகிறார்கள், வாங்காமல் போகிறார்கள் என்றால் அட்டை, விலை, பின்னட்டைக் குறிப்பு மூன்றில் ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு மாதம் காத்திருங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வாங்குகிறார்கள், ஆனால் யாரும் முடிக்கவில்லை, அடுத்தவரிடம் சொல்லவும் இல்லை என்றால் சிக்கல் புத்தகத்துக்குள். அதை விளம்பரத்தால் சரிசெய்ய முடியாது. அடுத்த புத்தகத்தில்தான் முடியும். விற்பனைப் பக்கத்தை நாளைக்கு இருபது முறை திறந்து பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில் போதும்.

அந்த 37இல் உங்களுக்கு அறிமுகமே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? என் இரண்டாவது புத்தகம், தொடக்கத்தில் 'நடந்தது' என்றேனே அதுதான், ஆறு மாதத்தில் 41 பிரதி போயிருந்தது. 42ஆவதை வாங்கியவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பாராட்டு ஒரு வார்த்தை இல்லை. 112ஆம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது, அடுத்த புத்தகம் எப்போது வருகிறது என்று கேட்டிருந்தார். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பிழையைத் திருத்திக் கோப்பை ஏற்றினேன். அவருக்குப் பதில் எழுதும்போது, தேதி எதுவும் முடிவாகாமலே, அடுத்தது ஒரு வருடத்தில் வரும் என்று எழுதிவிட்டேன்.